258-வதாகத் தேர்வானவர், ஸ்டான்லி கோப்பையை வெல்லாதவர்: கோல்கீப்பர் பெக்கா ரின்னேவுக்கு நாஷ்வில் ஏன் சிலை வைத்தது?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத் தலைநகர் நாஷ்வில், கன்ட்ரி மியூசிக்கின் தலைநகராகத்தான் உலகத்துக்குத் தெரியும். அங்கே பனியே அபூர்வம். ஆனால் ஊரின் நடுவே இருக்கும் பிரிட்ஜ்ஸ்டோன் அரங்கத்துக்கு வெளியே ஓர் ஐஸ் ஹாக்கி கோல்கீப்பரின் சிலை நிற்கிறது. அவர் அமெரிக்கர் இல்லை, பின்லாந்துக்காரர். பெயர் பெக்கா ரின்னே. அவர் இருந்த காலத்தில் அந்த அணி இந்த விளையாட்டின் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பையை ஒருமுறைகூட வெல்லவில்லை.

அப்படியானால் சிலை எதற்கு? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், கோல்கீப்பர் வேலை என்றால் என்ன, அதை எப்படி அளப்பது, ஒரே இடத்தில் ஒருவர் பதினைந்து ஆண்டுகள் நிலைத்து நிற்பதன் மதிப்பு என்ன என்று பல விஷயங்கள் புரியும்.

சுருக்கமாக

• பிறப்பு: 1982 நவம்பர் 3, பின்லாந்தின் கெம்பெலே
• உயரம்: சுமார் 196 செ.மீ.
• என்.எச்.எல். அணி: நாஷ்வில் பிரிடேட்டர்ஸ் மட்டுமே
• ஆடிய போட்டிகள்: 683, வெற்றிகள்: 369, ஷட்-அவுட்: 60 (பிளே-ஆஃப் நீங்கலாக)
• வெசினா கோப்பை (சீசனின் சிறந்த கோல்கீப்பர்): 2018
• ஓய்வு: 2021 ஜூலை

முதல்ல, ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் என்ன செய்வார்?

ஐஸ் ஹாக்கியில் ஒரு அணிக்கு ஒரே நேரத்தில் களத்தில் ஆறு பேர். ஐந்து பேர் பனித்தரையில் சறுக்கி ஆடுவார்கள், ஒருவர் கோல்கீப்பர். அந்த ஐந்து பேரும் முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஆடிவிட்டு வெளியே போய்விடுவார்கள். அடுத்த ஐந்து பேர் உள்ளே வருவார்கள். கோல்கீப்பருக்கு அந்த வசதி கிடையாது. தலா 20 நிமிடம் கொண்ட மூன்று பகுதிகளிலும் அவர் வலைக்கு முன்னால் நிற்க வேண்டும்.

வலையின் அகலம் 1.83 மீட்டர், உயரம் 1.22 மீட்டர். அதை நோக்கி வரும் 'பக்' என்பது சுமார் 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர் வில்லை. அது மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வரும். பல நேரம் முன்னால் நிற்கும் ஆட்களின் கால்களுக்கு இடையே இருந்து வரும், வழியில் யாருடைய மட்டையிலாவது பட்டுத் திசை மாறி வரும். கண்ணால் பார்த்துவிட்டுத் தடுக்கலாம் என்றால் நேரம் போதாது. எங்கிருந்து வரும் என்று முன்கூட்டியே கணித்து, அந்த இடத்தை உடம்பால் அடைத்திருக்க வேண்டும்.

இதற்காக இன்றைய கோல்கீப்பர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது 'பட்டர்ஃபிளை' பாணி. முழங்காலைப் பனியில் ஊன்றி, இரண்டு கால்களையும் வெளிப்பக்கம் வண்ணத்துப்பூச்சியின் சிறகு மாதிரி விரித்து, வலையின் கீழ்ப்பகுதியை மூடுவது. ஒரு போட்டியில் பல பத்து முறை இப்படி விழுந்து எழ வேண்டும். இடுப்பு மூட்டுக்கு இது கடும் சோதனை. ரின்னேவின் கதையில் இந்த இடுப்பு பிறகு வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

257 பேருக்குப் பிறகு வந்த பெயர்

வடக்கு பின்லாந்தில் ஓலு நகரத்தை ஒட்டிய சிற்றூர் கெம்பெலே. ரின்னே அங்கே பிறந்து, ஓலுவின் 'கேர்பேட்' கிளப்பில் வளர்ந்தார். 2004, 2005 என்று அடுத்தடுத்து பின்லாந்து லீக் பட்டம் வென்ற பலமான அணி அது. ஆனால் அந்த வெற்றிகளில் வலைக்கு முன்னால் நின்றவர் பெரும்பாலும் நிக்லஸ் பேக்ஸ்ட்ரோம். ரின்னே இரண்டாவது கோல்கீப்பர். பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பதுதான் முக்கால்வாசி வேலை.

ஆடவே வாய்ப்பு கிடைக்காதவரை யார் கவனிப்பார்கள்? நாஷ்வில் அணிக்காக ஐரோப்பாவில் வீரர்களைத் தேடிக்கொண்டிருந்த யானே கெகலைனன் கவனித்தார். போட்டி தொடங்கும் முன் நடக்கும் வார்ம்-அப் பயிற்சியில் அந்த உயரமான இளைஞர் பக்கைப் பிடிக்கும் விதம் அவர் கண்ணில் பட்டது.

என்.எச்.எல். அணிகள் புதிய வீரர்களை வரிசை போட்டு ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வுக்கு 'டிராஃப்ட்' என்று பெயர். 2004 டிராஃப்டில் முதல் பெயர் ரஷ்யாவின் அலெக்ஸ் ஒவெச்கின். எட்டாவது சுற்றில், 258-வது பெயராக நாஷ்வில் அழைத்தது பெக்கா ரின்னேவை. அப்போது அவருக்கு வயது 21. பெரும்பாலான வீரர்கள் 18 வயதில் தேர்வாகும் இடம் அது.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. அதற்கு அடுத்த ஆண்டு, 2005-ல் இருந்து டிராஃப்ட் ஏழு சுற்றுகளாகக் குறைக்கப்பட்டது. இன்றைக்கு மொத்தமே 224 பேர் அளவில்தான் தேர்வாகிறார்கள். அதாவது 258 என்ற இடமே இப்போது இல்லை. ஓராண்டு தள்ளிப் போயிருந்தால் அந்த நாளில் ரின்னேவின் பெயர் வாசிக்கப்பட்டிருக்காது.

மூன்று வருஷம் 'கீழ் அணி' வேலை

டிராஃப்டில் தேர்வானால் நேராகப் பெரிய அணியில் இடம் என்று அர்த்தமில்லை. 2005-ல் அமெரிக்கா போன ரின்னே, நாஷ்வில்லின் துணை அணியான மில்வாக்கி அட்மிரல்ஸில் சேர்ந்தார். முதல் சீசனிலேயே அந்த அணி தன் லீக்கின் இறுதிச்சுற்று வரை போனது. அதே சீசனில், 2005 டிசம்பர் 15 அன்று சிகாகோ பிளாக்ஹாக்ஸுக்கு எதிராக அவருக்கு என்.எச்.எல்.-லில் முதல் போட்டி கிடைத்தது. நாஷ்வில் 5-3 என்று வென்றது. ஆனால் உடனே மறுபடியும் மில்வாக்கிக்குத்தான் திரும்ப வேண்டியிருந்தது. நடுவில் தோள் காயமும் வந்தது.

கோல்கீப்பருக்கு இந்தக் காத்திருப்பு மற்ற வீரர்களைவிடக் கடினம். அணியில் ஆட்டக்காரர்களுக்குப் பல இடங்கள் உண்டு, ஒருவர் சோர்ந்தால் இன்னொருவர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நுழையலாம். கோல்கீப்பருக்கு இருப்பது ஒரே ஒரு நாற்காலி. அது காலியானால்தான் உண்டு.

2008-09 சீசனில் அது காலியானது. மற்றொரு கோல்கீப்பர் டான் எல்லிஸ் தடுமாறியபோது ரின்னே இடத்தைப் பிடித்தார். அந்த சீசனில் 29 வெற்றிகள், 7 ஷட்-அவுட். எதிரணியை ஒரு கோல்கூட அடிக்க விடாமல் முழுப் போட்டியையும் முடிப்பதுதான் ஷட்-அவுட். அப்போது அவருக்கு வயது 26. அதற்குப் பிறகு பத்தாண்டுகளுக்கு மேல் நாஷ்வில் வலை அவருடையது.

கோல்கீப்பரின் திறமையை எப்படி அளப்பார்கள்?

பேட்ஸ்மேனுக்கு ரன், பவுலருக்கு விக்கெட். கோல்கீப்பருக்கு? அவர் நன்றாக வேலை செய்தால் ஸ்கோர்போர்டில் எதுவும் மாறாது. அவர் தவறினால்தான் எண் மாறும். விக்கெட் கீப்பர் பிடித்த நூறு பந்தை யாரும் பேச மாட்டார்கள், விட்ட ஒரு கேட்ச்சைப் பற்றித்தான் பேசுவார்கள் இல்லையா, அந்த நிலைதான்.

அதனால் கோல்கீப்பரை மதிப்பிட சில கணக்குகள் உண்டு.

• தடுப்பு விகிதம்: வலையை நோக்கி வந்த ஷாட்களில் எத்தனையைத் தடுத்தார்? ரின்னேவின் மொத்தக் கணக்கு .917. அதாவது ஆயிரம் ஷாட்டில் 917-ஐ நிறுத்தியிருக்கிறார்.
• சராசரி கோல்: 60 நிமிட ஆட்டத்துக்கு எத்தனை கோல் விட்டார்? ரின்னேவுக்கு 2.43.
• வெற்றி, ஷட்-அவுட்: இவை அணியையும் பொறுத்தவை, ஆனாலும் நீண்ட காலப் பங்களிப்பைக் காட்டும்.

.917-க்கும் .907-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். ஒரு முதல்நிலைக் கோல்கீப்பர் ஒரு சீசனில் 1,800 ஷாட் சந்தித்தால், அந்தச் சின்ன வித்தியாசம் 18 கோல். ஒரு கோல் வித்தியாசத்தில் முடியும் போட்டிகள் நிறைந்த லீக்கில் 18 கோல் என்பது பிளே-ஆஃப் போவதா, வீட்டுக்குப் போவதா என்பதைத் தீர்மானித்துவிடும்.

பிறந்தநாளில் கையெழுத்து

2010-11 சீசனில் .930 தடுப்பு விகிதத்துடன் வெசினா கோப்பைக்கான இறுதி மூவரில் ரின்னே வந்தார். 2011 நவம்பர் 3, அவரது 29-வது பிறந்தநாள். அன்று ஏழு ஆண்டுகளுக்கு 4.9 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அந்த சீசனில் 43 வெற்றிகளுடன் லீக்கிலேயே முதலிடம், மறுபடியும் இறுதி மூவரில் ஒருவர்.

இந்தக் கையெழுத்தின் முக்கியத்துவம் அடுத்த கோடையில்தான் தெரிந்தது. நாஷ்வில் 1998-ல்தான் லீக்குக்குள் வந்த அணி. ஹாக்கிப் பாரம்பரியம் இல்லாத தெற்கு மாநிலம். நல்ல வீரர்கள் பெரிய சம்பளம் தேடிப் போய்விடுவார்கள் என்ற பயம் எப்போதும் உண்டு. 2012-ல் அதுதான் நடந்தது. தடுப்பாட்டத்தின் தூணாக இருந்த ரயன் சூட்டர் மினசோட்டாவுக்குப் போனார். கேப்டன் ஷே வெபருக்கு பிலடெல்பியா 14 ஆண்டு, 11 கோடி டாலர் வாக்குறுதி நீட்டியது. அதே தொகையைத் தாங்களே கொடுப்பதாகச் சொல்லித்தான் நாஷ்வில் அவரைத் தக்கவைத்தது. அந்தக் குழப்பத்தில் ஏற்கனவே 'நான் இங்கேதான்' என்று எழுதிக் கொடுத்திருந்த முக்கியமான ஆள் ரின்னே.

இடுப்பு சொன்ன பதில்

2013 மே மாதம் ரின்னேவுக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை. பட்டர்ஃபிளை ஆடும் கோல்கீப்பர்களுக்கு வழக்கமாக வரும் பிரச்சினைதான். ஆனால் அடுத்த சீசன் தொடங்கிய அக்டோபரில் அதே இடுப்பில் பாக்டீரியா தொற்று ஏற்பட்டது. சுமார் நான்கு மாதங்கள் களத்துக்கு வெளியே. அந்த சீசனில் அவர் ஆடியது 24 போட்டிகள்தான். நாஷ்வில் பிளே-ஆஃபுக்குப் போகவில்லை. அணி தொடங்கிய நாளிலிருந்து இருந்த பயிற்சியாளர் பேரி டிராட்ஸ் விடைபெற்றார். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் பின்லாந்து வெண்கலம் வென்றபோது அந்த அணியிலும் ரின்னே இல்லை.

முப்பது வயதைத் தாண்டிய கோல்கீப்பர், இடுப்பில் அறுவை, மேலே தொற்று. கரியர் முடிந்தது என்று எழுதியிருக்கலாம். ஆனால் அதே 2014 மே மாதம், மின்ஸ்க் நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் பின்லாந்தை வெள்ளிப் பதக்கம் வரை கொண்டுபோய், தொடரின் மதிப்புமிக்க வீரர் விருதை வாங்கினார். அடுத்த என்.எச்.எல். சீசனில் 41 வெற்றிகள், மூன்றாவது முறையாக வெசினா இறுதி மூவரில் இடம்.

2017: கோப்பைக்கு ரொம்பப் பக்கத்தில்

ரின்னேவைப் பற்றிப் பேசினால் 2017 வராமல் போகாது. அந்த ஆண்டு பிளே-ஆஃபுக்கு வந்த 16 அணிகளில் கடைசி இடம் நாஷ்வில்லுக்கு. முதல் சுற்றில் எதிரே பலமான சிகாகோ. நான்கே போட்டிகளில் 4-0 என்று தொடர் முடிந்தது. அந்த நான்கு போட்டிகளில் ரின்னே விட்டது மொத்தம் 3 கோல், இரண்டு ஷட்-அவுட். அடுத்து செயின்ட் லூயிஸ், அனஹைம் அணிகளையும் தாண்டி, நாஷ்வில் தன் வரலாற்றில் முதல்முறையாக ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்றுக்குப் போனது.

எதிரே நடப்புச் சாம்பியன் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ். இங்கேதான் ரின்னேவின் கரியரில் மிகவும் விவாதிக்கப்பட்ட பக்கம் திறக்கிறது. பிட்ஸ்பர்க்கில் நடந்த மூன்று போட்டிகளில் அவர் விட்டது 11 கோல். முதல் போட்டியில் அவர் சந்தித்த 11 ஷாட்டில் 4 உள்ளே போயின. இரண்டு போட்டிகளில் அவரைப் பாதியிலேயே வெளியே எடுத்தார்கள். ஆனால் சொந்த ஊரில் நடந்த மூன்று போட்டிகளில் விட்டது வெறும் 3 கோல். ஒரே ஆள், ஒரே எதிரணி, ஒரே இரண்டு வாரம்.

ஆறாவது போட்டி நாஷ்வில்லில். பிட்ஸ்பர்க் 3-2 என்று தொடரில் முன்னிலை. இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் நாஷ்வில்லின் கோல்டன் சிஸன்ஸ் பக்கை வலைக்குள் தள்ளினார். ஆனால் பக் கண்ணில் படவில்லை என்று நடுவர் அதற்கு ஒரு கணம் முன்பே விசில் ஊதியிருந்தார். கோல் இல்லை. ஆட்டம் 0-0 என்றே நகர்ந்து, கடைசியில் 95 வினாடிகள் மிச்சம். பின்பலகையில் பட்டுத் திரும்பி வந்த பக்கை பிட்ஸ்பர்க்கின் பேட்ரிக் ஹோர்ன்க்விஸ்ட் தட்ட, அது ரின்னேவின் மேலேயே பட்டு உள்ளே போனது. பிறகு காலியான வலைக்குள் இன்னொன்று. 2-0. கோப்பை பிட்ஸ்பர்க்குக்கு.

அந்த ஹோர்ன்க்விஸ்ட் யார்? 2005 டிராஃப்டின் கடைசிப் பெயர், 230-வது ஆள். அவரைக் கண்டுபிடித்து வளர்த்ததும் நாஷ்வில்தான். ரின்னேவோடு பல ஆண்டுகள் ஒரே அணியில் ஆடி, 2014-ல் பிட்ஸ்பர்க்குக்கு மாற்றப்பட்டவர்.

விருது வந்தது, கோப்பை வரலை

இப்படித் தோற்ற பிறகு 35 வயதில் ஒருவர் என்ன செய்வார்? ரின்னே தன் சிறந்த சீசன்களில் ஒன்றை ஆடினார். 2017-18-ல் 42 வெற்றிகள், 8 ஷட்-அவுட், .927 தடுப்பு விகிதம். 2018 பிப்ரவரியில் 300-வது வெற்றி. நாஷ்வில் 117 புள்ளிகளுடன் லீக்கிலேயே முதலிடம்.

பிளே-ஆஃபில் கதை மாறியது. இரண்டாவது சுற்றில் வின்னிபெக்குக்கு எதிரான ஏழாவது போட்டி, சொந்த மைதானம். முதல் பகுதியிலேயே இரண்டு கோல் விட்டதும் அவரை வெளியே எடுத்தார்கள். அணி தோற்றது. ஆறு வாரம் கழித்து லாஸ் வேகாஸ் மேடையில் அவருக்கு வெசினா கோப்பை வழங்கப்பட்டது. அணிகளின் பொது மேலாளர்கள் வாக்களித்துத் தரும் அந்த விருது பிளே-ஆஃபைக் கணக்கில் எடுப்பதில்லை, அதற்கு முந்தைய 82 போட்டிகளுக்கு மட்டுமே உரியது.

ரின்னே பற்றிய விவாதமும் இங்கேதான் நிற்கிறது. 'பெரிய போட்டியில் கைவிட்டவர்' என்று ஒரு தரப்பு சொல்லும். பிட்ஸ்பர்க், வின்னிபெக் கணக்கு அவர்கள் பக்கம். 'அவர் இல்லாவிட்டால் அந்தப் பெரிய போட்டியே வந்திருக்காது' என்று மறுதரப்பு சொல்லும். சிகாகோ தொடர் அவர்கள் பக்கம். இரண்டுமே உண்மைதான். ஏழு போட்டித் தொடரில் ஒரு மோசமான வாரம் போதும், கோப்பை போய்விடும். பத்தாண்டு ஆட்டத்தை அந்த ஒரு வாரத்தால் அழிக்கவும் முடியாது.

ஒரு கோல்கீப்பர் கோல் அடிப்பாரா?

அடிப்பார், அபூர்வமாக. ஆட்டம் முடியும் தறுவாயில் பின்தங்கியிருக்கும் அணி, தன் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆட்டக்காரரை இறக்கும். அப்போது அவர்கள் வலை காலி. 2020 ஜனவரி 9 அன்று சிகாகோவில் அப்படி ஒரு தருணம். தன் பக்கம் வந்த பக்கை நிறுத்திய ரின்னே, சுமார் 61 மீட்டர் நீளக் களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தூக்கி அடித்தார். நேராகக் காலி வலைக்குள். என்.எச்.எல். வரலாற்றில் கோல் கணக்கில் பெயர் வந்த 12-வது கோல்கீப்பர் அவர். நாஷ்வில் வீரர்கள் பெஞ்சில் கோப்பை வென்ற மாதிரி குதித்தார்கள்.

பின்லாந்தில் இருந்து மட்டும் எப்படி இத்தனை பேர்?

பின்லாந்தின் மக்கள்தொகை சுமார் 56 லட்சம். சென்னை நகரத்தைவிடக் குறைவு. ஆனால் வெசினா கோப்பையை மூன்று பின்லாந்துக்காரர்கள் வென்றிருக்கிறார்கள்: 2006-ல் மீக்கா கிப்ருசாஃப், 2014-ல் டூக்கா ராஸ்க், 2018-ல் ரின்னே.

குளிர் ஒரு காரணம், ஆனால் குளிர் மட்டும் போதாது. கோல்கீப்பிங்கைத் தனித் தொழிலாகப் பார்த்து, அதற்கென்றே பயிற்சியாளர்களைச் சிறுவர் அணிகள் வரை வைத்த நாடு பின்லாந்து. துர்க்கு நகரின் முன்னாள் கோல்கீப்பர் உர்போ யுலோனன் இதற்கு முன்னோடி. கிப்ருசாஃப் அவரிடம் பயின்றவர். பின்லாந்து லீக்கின் சிறந்த கோல்கீப்பர் விருதே யுலோனன் பெயரில்தான் வழங்கப்படுகிறது. ஒருவர் சாதித்ததும் அவரைப் பார்த்து அடுத்த தலைமுறைச் சிறுவர்கள் கோல்கீப்பர் கையுறை கேட்பார்கள். கிப்ருசாஃபின் 319 வெற்றிகள்தான் பின்லாந்து கோல்கீப்பர்களில் அதிகம் என்று இருந்தது. 2018-19 சீசனில் ரின்னே அதைத் தாண்டினார்.

கடைசிப் போட்டியும் அடுத்த ஆளும்

2018-ல் அதே நவம்பர் 3 பிறந்தநாளில் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு, 1 கோடி டாலருக்கு ரின்னே ஒப்பந்தத்தை நீட்டித்தார். முந்தைய ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 70 லட்சம், இதில் 50 லட்சம். அந்தக் காலத்தில் அவருடைய நாற்காலிக்கு அடுத்த ஆள் தயாராகிக்கொண்டிருந்தார்: 2013 டிராஃப்டில் 99-வதாகத் தேர்வான இன்னொரு பின்லாந்துக்காரர், யூசே சாரோஸ். ரின்னேவைவிட ஏறக்குறைய அரையடி குள்ளம், ஆனால் அதிவேகம். 2020-21 சீசனில் முதல் கோல்கீப்பர் சாரோஸ்தான். ஓலுவில் தொடங்கிய மாதிரியே ரின்னே மறுபடியும் இரண்டாவது ஆள்.

2021 மே 10, சீசனின் கடைசி லீக் போட்டி. எதிரணி கரோலைனா. அன்று வலைக்கு முன்னால் ரின்னே. 5-0 வெற்றி, அவருடைய 60-வது ஷட்-அவுட். அதுவே அவர் ஆடிய கடைசிப் போட்டி. ஜூலை மாதம் ஓய்வை அறிவித்தார்.

களத்துக்கு வெளியேயும் அந்த ஊரோடு அவருக்கு ஒரு பிணைப்பு இருந்தது. 35-ஆம் எண் ரின்னே, 6-ஆம் எண் வெபர் இருவரும் சேர்ந்து, புற்றுநோய் பாதித்த குழந்தைகளுக்காக நாஷ்வில்லின் வேண்டர்பில்ட் குழந்தைகள் மருத்துவமனைக்கு உதவும் நிதியைத் தொடங்கினார்கள். இரண்டு எண்களையும் கோத்து அதன் பெயர் '365'. வெபர் வேறு அணிக்கு மாறிய பிறகும் அந்த நிதி தொடர்ந்தது. தலைமைப் பண்புக்கும் சமூகப் பணிக்குமான கிங் கிளான்ஸி விருது 2021-ல் ரின்னேவுக்குக் கிடைத்தது.

2022 பிப்ரவரி 24 அன்று 35-ஆம் எண்ணை இனி யாரும் அணியக் கூடாது என்று நாஷ்வில் ஓய்வு கொடுத்தது. அந்த அணி வரலாற்றில் இப்படி உயர்த்தப்பட்ட முதல் ஜெர்சி அதுதான். 2024 மார்ச்சில் சிலை திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் சாரோஸ் நாஷ்வில்லுடன் எட்டு ஆண்டுகளுக்கு, சுமார் 6.19 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

சரி, சிலை எதற்கு? நாஷ்வில் அணி பிளே-ஆஃப் போன ஆண்டிலும் போகாத ஆண்டிலும், நட்சத்திரங்கள் கிளம்பிப் போன கோடையிலும், இறுதிச்சுற்றில் தோற்ற மறுநாளும், 'நம்ம கோல்கீப்பர்' யார் என்ற கேள்விக்கு அந்த ஊரிடம் ஒரே பதில்தான் இருந்தது. 683 போட்டிகள், அத்தனையும் ஒரே ஜெர்சியில்.